கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி. இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த மாதங்கள். ஒருநாள் மாலை, எங்கள் வேலிக்கு அப்பால் வெங்காயத் தறையில் நின்றுகொண்டிருந்த அயல்வீட்டு அண்ணர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய கையில் வெறும் பசளைப் பையொன்று இருந்தது. அதனை உதறி, நான்காக மடித்து, வரம்பின் மேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

“மாஸ்டர், நீங்கள் பூமிசாஸ்திரம் படிப்பிச்சனீங்கள்தானே. இந்தப் பொஸ்பேற்று எங்கையிருந்து வாறது? ஆற்றை காணியிலை கிண்டுறவங்கள்?”

மொறோக்கோ, சீனா என்று வாய்க்கு வந்த விடையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் நான் விடை சொல்லியிருந்தேன். பசளை எந்த நாட்டிலிருந்து வருகின்றது என்பதைப் பூமிசாஸ்திர ஆசிரியன் எவனும் சொல்லுவான். யாருடைய காணியில் தோண்டுகின்றார்கள் என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்ததில்லை.

முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் ஒப்புவித்து வந்த வரியொன்று அன்றிரவு நினைவுக்கு வந்தது. ‘நவுறு: பசிபிக் சமுத்திரத்திலுள்ள சிறு தீவு, பொஸ்பேற்று ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றது.’ பரீட்சையில் இதற்கு ஒரு புள்ளி. எத்தனையோ பிள்ளைகள் அந்த ஒரு புள்ளியைப் பெற்றிருப்பார்கள். பழைய தேசப்படத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன். பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஊசி முனையால் குத்தியது போன்றதொரு குறி. அந்தக் குறிக்குள் மனிதர்கள் இருந்தார்கள் என்று ஒரு மாணவனுக்கேனும் நான் சொன்னதில்லை. பல காலம் கழித்து, ஓய்வூதியக்காரனான பின்னரே, அத்தீவின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். வாசகர்களுட் பலரும் ஆசிரியர்களாதலின், எனக்கு நேர்ந்த வெட்கத்தில் அவர்களும் சிறிது பங்கெடுத்துக்கொள்வார்கள் என்ற துணிவில் இதனை எழுதுகின்றேன்.

நவுறுவின் பரப்பு 21 சதுர கிலோமீற்றர். சைக்கிளில் ஏறினால் ஒரு காலைப் பொழுதிற் சுற்றிவந்துவிடலாம். கரையோரமாகத் தென்னையும் தாழையும் செழித்த ஒடுங்கிய நிலப்பட்டி. அதற்கு மேலே மேட்டுநிலம். நடுவே புவாடா என்னும் சிறு வாவி. ஆறு இல்லை, அருவி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் போலவே, சுண்ணக்கல்லின் இடுக்குகளில் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படையும் மழையுமே கதி. கடலிற் பிடித்த மீன்குஞ்சுகளை வாவியில் விட்டு வளர்த்தும், கடற்பறவைகளைப் பிடித்துப் பழக்கியும் பன்னிரண்டு குலத்தவர் அங்கு வாழ்ந்தனர். 1798இல் அவ்வழியே சென்ற ஆங்கிலக் கப்பற்றலைவன் ஜோன் பேண் கப்பலிலிருந்தவாறே கரையைக் கண்டு, ‘இன்பத் தீவு’ என்று பொருள்படும் பெயரொன்றை அதற்குச் சூட்டினான். 1888இல் ஜேர்மானியர் அதனைத் தம் கொடியின் கீழ்க் கொண்டுவந்தனர். அவர்களுக்கு அங்கே வேண்டியிருந்தது கொப்பராதான்.

பின்னர் நடந்தது ஒரு கல்லின் கதை. அத்தீவிற் கண்டெடுத்த கல்லொன்றை, கல்லாகிப்போன மரத்துண்டு என்று எண்ணி, வர்த்தகக் கம்பனியொன்றைச் சேர்ந்த ஒருவர் சிட்னி நகருக்குக் கொண்டுவந்தார். அங்கே அவர்களுடைய காரியாலயத்தில் அது கதவு சாத்தாமலிருக்க முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. 1899இல் அல்பேட் எல்லிஸ் என்னும் இளைஞர் அதனைப் பார்த்தார், சந்தேகங்கொண்டார், ஒரு துண்டைப் பரிசோதித்தார். மிக உயர்ந்த தரமான பொஸ்பேற்றுக் கல் என்பது தெரியவந்தது. ஊர்கள் பாழாவதற்குப் படையெடுப்பும் பஞ்சமும் வேண்டும் என்று சரித்திரம் படித்த நாம் நினைத்துக்கொண்டிருக்கின்றோம். ஒரு காரியாலயத்துக் கதவடியிற் கிடந்த கல்லே போதுமாயிருந்தது.

அக்கல்லின் அருமை என்னவென்பதையும் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவின் மண் மிகப் பழைய மண்; பொஸ்பரசுச் சத்து அற்றது. கோதுமையும் புல்லும் அங்கே செழிக்கவேண்டுமாயின் அச்சத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்டவேண்டும். பொஸ்பேற்றுக் கல்லைப் பொடிசெய்து கந்தகத் திராவகத்துடன் சேர்த்தால் ‘சுப்பர் பொஸ்பேற்று’ என்னும் பசளை கிடைக்கும். 1906இல் நவுறுவில் அகழ்வு தொடங்கியது. அடுத்த ஆண்டு முதற் கப்பல் புறப்பட்டது. நிலத்துக்குரியவனுக்குக் கிடைத்த கூலி தொன் ஒன்றுக்கு அரைப் பென்சு.

அகழும் விதம் இதுதான். முதலில் மரங்களை வெட்டி மேல்மண்ணை வழித்துவிடுவார்கள். அதன் கீழே பழைய முருகைக்கற் கூர்கள் நெருக்கமாக நிற்கும். அக்கூர்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களிலேதான் பொஸ்பேற்று நிறைந்திருக்கும். அதனை அள்ளி எடுத்தபின் மிஞ்சுவது கற்கூர்கள் மாத்திரமே. சில இடங்களில் அவை 15 மீற்றர் உயரம் வரை நிற்கும். பல்லிடுக்கிலிருந்து முரசைச் சுரண்டி எடுத்துவிட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அங்கே நடக்க இயலாது; கட்ட இயலாது; ஒரு கத்தரிக் கன்று நட இயலாது. பொஸ்பேற்றை ஏற்ற வந்த கப்பல்கள் வெறும் வயிற்றோடு வரக்கூடாதென்று பாரத்துக்குத் தண்ணீர் நிரப்பி வந்ததும் உண்டு. அந்தத் தண்ணீரைத் தீவார் குடித்தனர். வரும்போது தண்ணீர், போகும்போது நிலம்.

1914இல் யுத்தம் மூண்டதும் அவுஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. யுத்தம் முடிந்தபின் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசீலாந்து ஆகிய மூன்று அரசாங்கங்களும் 1919இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கம்பனிக்கு 35 இலட்சம் பவுண் கொடுத்து உரிமையை வாங்கி, பொஸ்பேற்றை முறையே 42, 42, 16 வீதமாகப் பங்கிட்டுக்கொண்டன. அகழ்வை நடத்த ஆணையாளர் மூவர் நியமிக்கப்பட்டனர். உலகச் சந்தையில் விலை என்னவாயிருந்தாலும், தங்கள் விவசாயிகளுக்கு அடக்க விலைக்கே பசளையைக் கொடுப்பது என்று தீர்மானித்தனர். அவுஸ்திரேலியக் கமக்காரன் மலிவாகப் பெற்ற பசளையின் மீதி விலையைக் கொடுத்தவன் நவுறுக் குடிமகன்.

இத்தனைக்கும் சட்டத்தின்படி அம்மூவரும் அத்தீவுக்குச் சொந்தக்காரர் அல்லர். 1920இல் சர்வதேச சங்கம் தீவை அவர்களிடம் ஒப்படைத்தபோது, தம்மைத் தாமே ஆளும் நிலைக்கு இன்னும் வராத மக்களின் நலனைக் காப்பது நாகரிக உலகின் புனிதமான கடமை என்ற கோட்பாட்டின் மீதே ஒப்படைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின், 1947இல், ஐக்கிய நாடுகள் சபையும் அதனைப் ‘பொறுப்பாட்சி’ என்ற பெயரில் மறுபடியும் அதே மூவரிடம் கொடுத்தது. கோயிற் சொத்துக்குத் தருமகர்த்தாவாக இருப்பவனின் நிலைமை இது. திருவிழாவை நடத்தலாம், வருமானத்தை நிர்வகிக்கலாம், தெற்கு வீதியைப் பெயர்த்து விற்க முடியாது.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்குவதற்குச் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை. ஒற்றி என்ற முறை எங்களிடம் உண்டு. கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பான். பணம் திரும்பியதும் காணியை விடுவான். தென்னையிலே தேங்காயைப் பறிக்கலாம், தென்னையைத் தறிக்கக்கூடாது. தேசவழமையிலே இன்னொன்றும் உண்டு. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பினால், தாய்வழிப் பாட்டி சிறுபிள்ளைகளை வளர்க்க ஏற்றுக்கொள்வாள். அப்பொழுது தாயின் சீதனச் சொத்து முழுவதும் பிள்ளைகளோடு கூடவே போகவேண்டும். பிள்ளை வேறு, பிள்ளையின் சொத்து வேறு என்று பிரித்துப் பார்க்க எங்கள் முன்னோர் இணங்கவில்லை. நவுறுவிலே பிள்ளையை வளர்ப்பதாகச் சொல்லிச் சொத்தைக் கையேற்றனர். அதுவும் விளைவை மாத்திரம் அனுபவிக்கவில்லை, மண்ணையே கப்பலேற்றினர்.

அந்தப் பிள்ளையோ பலமுறை சாவின் வாயிலைத் தொட்டுத் திரும்பிய பிள்ளை. 1920இல் வந்த விஷக் காய்ச்சலில் தீவின் சனத்தொகையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மடிந்தது. ஓர் இனம் அழியாமல் நிலைப்பதற்கு 1500 பேராவது வேண்டும் என்று அக்காலத்தில் அவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தனர். 1932 ஒக்ரோபரில் அந்த 1500ஆவது குழந்தை பிறந்தது. பிறந்த நாளைப் பெருநாளாக்கினார்கள். ‘அங்கம்’ என்று பெயரிட்டார்கள். வீடு வந்து சேர்ந்த மகிழ்ச்சி என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் ‘அங்கம்’ என்றால் உடலின் உறுப்பு. இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை என்பதை நன்கறிவேன். ஆயினும் அச்சொல்லைப் படித்தபோது ஒரு கணம் நின்றுவிட்டேன்.

பத்து ஆண்டுகள் கழியவில்லை. 1942இல் ஜப்பானியர் தீவைப் பிடித்தனர். அடுத்த ஆண்டு 1200 பேரைக் கப்பலேற்றி, ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள ட்ரக் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுசென்றனர். 1946 ஜனவரி 31ஆம் தேதி அவர்களுள் ஊர் திரும்பியவர் 737 பேர். தொகை மறுபடியும் 1500க்குக் கீழே போயிற்று. மறுபடியும் எண்ணத் தொடங்கினார்கள். 1949இல் இரண்டாவது முறையாக அந்த எண்ணைத் தொட்டார்கள். சுதந்திரம் பெறுவதற்கு ஒரு நாளைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு 1968இல் வந்தபோது, அவர்கள் தெரிவுசெய்ததும் அதே ஜனவரி 31தான்.

சுதந்திரத்துக்கு முன்னர் நடந்த ஒரு பேச்சுவார்த்தையை விரிவாகச் சொல்லவேண்டும். இச்சரித்திரத்தில் என்னை அதிகம் சிந்திக்கவைத்த பகுதி அதுவே. 1960களின் தொடக்கத்தில், தீவின் பொஸ்பேற்று இன்னும் சில பத்து ஆண்டுகளில் முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன் பின் மக்கள் எங்கே வாழ்வது? நிலத்தைச் சீர்செய்து தருவதிலும் மக்களையே வேறிடத்துக்கு அனுப்புவது இலகு என்று ஆட்சியாளருக்குத் தோன்றியது. குவீன்ஸ்லாந்துக் கரையோரத்திலுள்ள கேட்டிஸ் தீவைக் கொடுக்க முன்வந்தனர். நவுறுவிலும் பன்மடங்கு பெரிய தீவு, மரஞ்செடி உண்டு, வீடு கட்டித்தருவோம், தொழில் தருவோம், அவுஸ்திரேலியப் பிரசைகளாக வாழலாம் என்றனர். ஏழைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். நவுறு மக்களின் தலைவராக இருந்த ஹமர் டிரோபேட்டும் அவருடைய சகாக்களும் ஒரேயொரு கேள்வியைக் கேட்டனர்: அத்தீவில் நாங்கள் நவுறு மக்களாக, எங்கள் அலுவல்களை நாங்களே ஆளும் தனி இனமாக இருக்கலாமா? இல்லை என்பது பதில். 1964இல் அவர்கள் அதனை மறுத்துவிட்டுத் தங்கள் கற்கூர்களின் நடுவே இருந்துகொண்டனர்.

இதனைப் பிடிவாதம் என்று அன்று எழுதியவர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. அயலிலிருந்த பனாபாத் தீவினருக்கு நடந்ததை அவர்கள் அறிந்திருந்தனர். அங்கும் அதே எல்லிஸ், அதே பொஸ்பேற்று, 1900இல் ஆண்டுக்கு 50 பவுண் வீதம் 999 ஆண்டுகளுக்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தம். எழுதிக்கொடுத்தவருக்கு 999 என்ற எண்ணின் பொருள் விளங்கியிருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. அம்மக்கள் 1945 டிசம்பரில் பீஜியைச் சேர்ந்த ராம்பித் தீவிற் குடியேற்றப்பட்டனர். பின்னாளில் அவர்கள் லண்டனில் வழக்குத் தொடர்ந்தனர். நீதிபதி மெகரி பனாபாவுக்கே நேரிற் சென்று பார்த்தார். ஆனால் 1976இல் அவர் அளித்த தீர்ப்பின் சாரம் இது: அரசாங்கத்துக்கு இருந்த பொறுப்பு உயர்ந்த அரசியற் பொறுப்பே, நீதிமன்றம் வற்புறுத்தி நிறைவேற்றுவிக்கக்கூடிய தருமகர்த்தாக் கடமை அன்று. இடம்பெயர்ந்தவன் கையில் காணியும் இல்லை, வழக்கும் இல்லை. எங்களிலும் பலர் 1990இன் பின்னர் ஊரைவிட்டு வந்து, திரும்பிப் போவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். வேறிடத்தில் நல்ல வீடு கிடைத்தவர்களும் ஊரின் பெயரைச் சொல்லியே பெருமூச்சு விட்டனர். டிரோபேட்டின் மறுப்பு எனக்கு விளங்குகின்றது.

சுதந்திர நவுறு 2 கோடியே 10 இலட்சம் டொலரைத் தவணையிற் செலுத்தி, 1970இல் தன் மண்ணின் மேலுள்ள அகழ்வுத் தொழிலைத் தானே விலைக்கு வாங்கியது. தன் காணியை மீட்கப் பணம் கட்டினாலும், கிண்டிப் பாழாக்கிய பகுதியைச் செப்பனிட்டுத் தருவது யார் என்ற வழக்கு மாத்திரம் தீரவில்லை. அதனை ஆராய்வதற்காக 1986இல் நவுறு அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் யார் என்று அறிந்தபோது என் வியப்பு இரட்டித்தது. எங்கள் நாட்டவர், கொழும்பிற் பிறந்து, இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து, பின்னர் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திற் சட்டப் பேராசிரியராகப் பணியாற்றிய சீ. ஜீ. வீரமந்திரி. அவுஸ்திரேலியாவிற் சம்பளம் வாங்கிக்கொண்டே அவுஸ்திரேலியாவுக்கு எதிரான நியாயத்தைத் திரட்டிய அத்துணிவைச் சும்மா சொல்லிவிட முடியாது. பல தொகுதிகளாக விரிந்த அறிக்கையை 1988இல் அவருடைய குழு கொடுத்தது. 1967 ஜூலைக்கு முன்னர் தோண்டிய நிலத்தைச் சீர்செய்யும் கடன், பொறுப்பாட்சி நடத்திய மூன்று அரசாங்கங்களுக்கும் உரியது என்பது அதன் முடிவு. அறிக்கையை அடிப்படையாக்கி அவர் எழுதிய நூல் 1992இல் வெளிவந்தது.

1989 மே மாதத்தில் நவுறு, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக வழக்கிட்டது. பத்தாயிரத்துக்கு உட்பட்ட பிரசைகளைக் கொண்ட தேசம் ஒரு கண்டத்தையே கூண்டில் ஏற்றியது. இதற்கிடையே வீரமந்திரி அதே நீதிமன்றத்துக்கு நீதிபதியாகத் தெரிவானார். முறைமைக்கேற்ப அவ்வழக்கில் அவர் அமரவில்லை. வழக்கை எடுக்கவே கூடாது என்று அவுஸ்திரேலியா எழுப்பிய ஆட்சேபங்களை, 1992 ஜூனில் 9க்கு 4 என்ற வாக்கில் நீதிமன்றம் தள்ளியது. உள்விடயம் விசாரணைக்கு வருமுன்னரே, 1993 ஆகஸ்டில், அவுஸ்திரேலியா 10 கோடியே 70 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கிச் சமாதானம் செய்துகொண்டது. 5 கோடியே 70 இலட்சம் முதற் கட்டமாகவும், மீதி ஆண்டுக்கு 25 இலட்சம் வீதம் இருபது ஆண்டுகளிலும் கொடுப்பது என்பது ஏற்பாடு. பிரித்தானியாவும் நியூசீலாந்தும் தலைக்கு 1 கோடியே 20 இலட்சம் டொலரை அவுஸ்திரேலியாவிடம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டன. வழக்கு வென்றதா, வாங்கப்பட்டதா என்று ஒரு சட்டத்தரணி நண்பரிடம் கேட்டேன். “இரண்டும்” என்றார்.

நவுறு மக்களிற் பிழையே இல்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். மூன்று அரசாங்கங்கள் தோண்டியது மூன்றிலொரு பங்கெனில், மீதியைத் தோண்டியவர்கள் அவர்களே. 1970களில் உலகில் ஆளுக்கு அதிக வருமானம் பெறும் நாடுகளுள் ஒன்றாக அது இருந்தது. மெல்பேண் நகரில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். விமான சேவை நடத்தினார்கள். 1993இல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்கும் பணம் போட்டார்கள், அது சில வாரங்களிலே மூடப்பட்டது. வயலும் கடலும் விட்டுப்போன இடத்தில் தகரத்தில் அடைத்த உணவு வந்தது. கூடவே நீரிழிவும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முடிவோடு முதல் அடுக்குப் பொஸ்பேற்றும் ஏறக்குறைய முடிந்தது. 2004இல் மெல்பேண் கட்டடம் கைமாறியது. இவற்றைச் சொல்லிச் சிரிப்பவரைக் கண்டிருக்கின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமுறை தலைமுறையாக, நிலம் என்றால் அகழ்ந்து விற்பது என்பதையே கண்முன் காட்டி வளர்த்த பிள்ளை, சொத்துக் கைக்கு வந்ததும் வேறென்ன செய்யும்? முதலை விற்று வட்டியென்று உண்ணும் வித்தையை அவர்களுக்குக் கற்பித்தவர்கள் வேறு யாரோ.

பொஸ்பேற்று முடிந்த தீவிடம் விற்பதற்கு மிஞ்சியிருந்தது இடம் ஒன்றே. 2001இல், படகேறி வரும் அகதிகளை அங்கே வைத்திருக்க அவுஸ்திரேலியா அத்தீவோடு ஒப்பந்தம் செய்தது. 2007இல் இலங்கையர் 82 பேர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். 2012இல் மறுபடியும் தடுப்பு நிலையம் திறக்கப்பட்டபோதும் எங்கள் இளைஞர் அங்கே போய்ச் சேர்ந்தனர். என்னிடம் பூமிசாஸ்திரம் படித்த ஒருவன் அவர்களுள் இருந்தான். பின்னாளில் வேறொரு தேசத்திலிருந்து எழுதிய கடிதத்தில் இவ்வாறு குறித்திருந்தான்: “ஐயா, நீங்கள் நவுறு என்றால் பொஸ்பேற்று என்று படிப்பித்தீர்கள். எங்களை வைத்திருந்தது அதைக் கிண்டிய மேட்டில்தான். கண்ணுக்கெட்டிய தூரம் கல்லு. எங்கட ஊர்க் கல்லுக்கிடங்கைத் தலைகீழாய்க் கவிழ்த்துவிட்ட மாதிரி.” ஒரு புள்ளி பெற்ற விடையைப் பத்து ஆண்டுகள் கழித்து அவன் எனக்குத் திருத்தி அனுப்பியிருந்தான்.

கல்லுக்கிடங்கு என்று அவன் எழுதியது காங்கேசன்துறைப் பக்கத்தை. 1950 முதல் 1990 வரை சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அங்கே வெட்டப்பட்டது. முருங்கனிலிருந்து களிமண் ரயிலில் வந்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அத்தொழிலை எண்ணி நாங்கள் பெருமைப்பட்டோம். அந்தப் பள்ளங்களின் விளிம்பிற் சிறுவனாக நின்று எட்டிப் பார்த்திருக்கின்றேன். வெட்டிய கல் எந்த ஊர் மாடியில் இருக்கின்றதோ! பள்ளம் எங்களிடம் இருக்கின்றது.

வீரமந்திரியின் கதை நவுறுவோடு முடியவில்லை. 1997இல், டான்யூப் நதி அணைக்கட்டைப் பற்றி ஹங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் இடையே நடந்த வழக்கில் அவர் தனித்தீர்ப்பொன்று எழுதினார். அபிவிருத்தியும் இயற்கையைக் காத்தலும் ஒன்றாய்ப் போகக்கூடியவை என்பதற்கு இலங்கையின் பண்டைய குளங்களை உதாரணமாக எடுத்தார். மன்னனே, இந்நிலத்துக்கு நீ சொந்தக்காரன் அல்லை, பாதுகாவலன் மாத்திரமே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு உபதேசித்த வரலாற்றையும் அங்கே எடுத்துக்காட்டினார். தருமகர்த்தா என்ற அதே கருத்து. நவுறுவில் மூன்று அரசாங்கங்கள் மறந்த பாடத்தை ஐரோப்பாவின் நதியொன்றுக்காக அநுராதபுரத்திலிருந்து எடுத்துச் சென்றார்.

அதே ஆண்டுகளில் அநுராதபுரத்துக்கு அருகே எப்பாவலையில் என்ன நடந்துகொண்டிருந்தது? அங்கும் பொஸ்பேற்றே. 1971இற் கண்டுபிடிக்கப்பட்ட அப்படிவை, முப்பது ஆண்டு காலத்தில் பெருமளவாக அகழ்ந்து எடுப்பதற்கு அந்நியக் கம்பனிகளோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்ய ஆயத்தமாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழும்பவேண்டும். பழைய குளங்களும், கலாவெவயின் நீரைத் திசாவெவைக்குக் கொண்டுசெல்லும் ஜய கங்கை என்னும் பண்டைக் கால்வாயும் பாதிப்புறும். ஊரவர் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000 ஜூனில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு ஒப்பந்தத்தை நிறுத்தியது. வீரமந்திரி டான்யூப் வழக்கில் எழுதியது அத்தீர்ப்பில் மேற்கோளாக வந்தது. எப்பாவலையில் இன்று சிறு அளவிலேயே அகழ்கின்றார்கள். அக்கல் நீரில் இலகுவிற் கரையாதாகையால், தேயிலை, தென்னை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கே நேராக இடுகின்றார்கள். எங்கள் அண்ணரின் வெங்காயத்துக்கு அது உதவாது. அதற்குக் கடல் கடந்து வரும் பசளைதான் வேண்டும். இந்த முரண்பாட்டை மறைத்துவிட்டு நான் எழுதினால் அவர் என்னை மன்னிக்கமாட்டார்.

நவுறுவின் இன்றைய நிலையையும் சொல்லிவிடுகின்றேன். கடல் உயர்ந்துவருவதால், மக்கள் வாழும் அந்த ஒடுங்கிய கரையோரம் நிலையற்றதாகிவிட்டது. ஆகவே, தோண்டிப் பாழாக்கிய நடுமேட்டையே சீர்செய்து அங்கே குடியேறுவதற்குத் திட்டம் போட்டிருக்கின்றார்கள். அதற்குப் பணம் தேடித் தங்கள் பிரசாவுரிமையை விற்பனைக்கு வைத்திருக்கின்றார்கள். ஆழ்கடலின் அடியிற் கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ளுவதற்கு ஒரு கம்பனிக்கு அனுசரணையாளராக நின்று, அதற்குரிய விதிகளை விரைவில் வகுக்கும்படி சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபையை 2021இல் வற்புறுத்தியதும் அத்தீவே. நிலத்தில் முடிந்தது, இனிக் கடலடியில். யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை.

இவையெல்லாவற்றையும் அண்ணருக்கு ஒரே மாலையிற் சொல்லவில்லை. வேலியோரத்தில் பல நாட்களாகச் சிறிது சிறிதாகச் சொன்னேன். அவர் அதிகம் குறுக்கிட்டுக் கேட்கவில்லை. அரைப் பென்சுக் கணக்கைச் சொன்னபோது மாத்திரம் மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். கடைசி நாளன்று ஒன்று கேட்டார்:

“அந்தக் கல்லுகளுக்கு நடுவிலை இப்ப ஏதும் முளைச்சிருக்கோ?”

முன்னமே தோண்டிக் கைவிட்ட இடங்களில் புல்லும் பன்னமும் வந்திருப்பதாகவும், ஆங்காங்கே புன்னை தலைகாட்டியிருப்பதாகவும் படித்ததைச் சொன்னேன்.

“புன்னையோ?” என்றார். “எங்கடை கடற்கரையிலை நிக்கிற புன்னையோ?”

“அதே புன்னைதான்” என்றேன்.

வரம்பில் மடித்து வைத்திருந்த பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.